காய வைத்த படகு

போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவில், ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் அடுப்பு எரித்தவர் ராக்கையா. பச்சைக் காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். ஒரு மூலையில் அடுப்பு, அதிலிருந்து அறை முழுக்க ஓடும் தகரக் குழாய்கள், குழாய்களுக்கு மேலே தட்டுத் தட்டாகக் காய். ஒன்றரை நாளைக்கு அந்தச் சூடு ஏறாமலும் இறங்காமலும் நிற்க வேண்டும். ஏறினால் காய் வெடிக்கும், இறங்கினால் பூசணம் பிடிக்கும். ராக்கையா ஒரு பிடி காயை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். "இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். போடி மண்டிகளில் அந்தத் தோட்டத்துக் காய்க்குத் தனி மவுசு இருந்தது. பெருமையெல்லாம் தோட்டத்துக்குப் போயிற்று, புகை மட்டும் ராக்கையாவின் நெஞ்சுக்குப் போயிற்று.

அவர் மலையடிவாரத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரர். மானாவாரிக் காட்டில் மூன்று வருடம் வரிசையாக மழை ஏமாற்றிய பிறகு, மனைவி மொக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். பிறந்த இரண்டு பிள்ளைகளும் மலைக் காய்ச்சலில் போய்விட்டன. அதற்குப் பிறகு, தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றான அந்த லயன் வீட்டில் அவர்கள் இருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம் மாசியில் இருமினபோது துண்டில் ரத்தம் பட்டது. மொக்கம்மாள் விடவில்லை, போடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுப்படியை விட்டு வெளியே வந்தால் பிழைப்பாய். இன்னும் ரெண்டு மூணு வருசம் அங்கேயே உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பினார். சொல்வது டாக்டருக்குச் சுலபம். அடுப்பை விட்டால் லயன் வீட்டையும் விட வேண்டும். அடுப்பு எரிக்கிறவருக்குத்தான் அந்த வீடு.

ராக்கையாவுக்கு இருந்த ஒரே வழி, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, ஓடையை மறித்து ஏரி கட்டி, கொச்சியில் செய்த ஒரு பாய்மரப் படகை லாரியில் கொண்டுவந்து அதில் விட்டிருந்தார். பதினாறு அடி நீளம், தேக்குப் பலகை. கணவாயிலிருந்து காற்று இறங்கும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். அப்போது எதிர்ப்பக்க விளிம்பில் ஏறி உட்கார ஒரு ஆளின் கனம் வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ராக்கையாவை அழைத்துக்கொள்வார். கனத்துக்குப் போனவர் மெல்ல மெல்லப் பாய் இழுக்கவும் சுக்கான் பிடிக்கவும் பழகிக்கொண்டார். படகில் இருக்கும் இரண்டு மணி நேரமும் அவருக்கு இருமல் வராது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

ஐம்பத்து நாலில் துரை தோட்டத்தைப் போடி வியாபாரிகளுக்கு விற்றுவிட்டுச் சீமைக்கே கிளம்பினார். படகை மட்டும் விற்பனையில் சேர்க்கவில்லை. குமுளியில் விருந்தினர் விடுதி வைத்திருந்த ஒரு மலையாள முதலாளி, விருந்தாளிகளைப் பெரியாற்று ஏரியில் ஏற்றிச் சுற்றப் பாய்ப்படகு தேடிக்கொண்டிருந்தார். ஆவணியில் ஏலக்காய் வாங்கப் போடிக்கு வரும்போது படகைத் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று பேச்சு. துரை அதோடு இன்னொன்றும் பேசி முடித்தார்: படகு போனால் அதைப் பார்த்துக்கொள்ள ராக்கையாவும் போவார். ஏரிக்கரையில் வீடு, மாதச் சம்பளம், புகையில்லாத வேலை.

மொக்கம்மாள் அன்றைக்கே கோழிகளை யாரிடம் விற்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

சித்திரையில் துரை கிளம்பும்போது படகுப் பராமரிப்பை இரண்டு தாளில் எழுதிக் கிளார்க் ராஜாராமிடம் கொடுத்துவிட்டுப் போனார். ராஜாராம் ஆபீஸ் வாசலில் நின்று அதைத் தமிழாக்கித் தமிழாக்கிப் படித்தார். பாயை நனைந்தபடி சுருட்டாதே, நிழலில் விரித்து ஆறவிட்டுச் சுருட்டு. கயிற்று நுனி பிரிந்தால் மெழுகு நூலால் இறுக்கிக் கட்டு. சுக்கான் கீலுக்கு மாதம் ஒரு தடவை கிரீஸ் போடு. மழைத்தண்ணீர் உள்ளே தேங்கினால் அன்றன்றைக்கே இறைத்துவிடு. பாய்மரத்தை விரல் விரலாகத் தடவிப் பார்த்து, வெடிப்பு கண்டால் எண்ணெய் விடு. எல்லாவற்றுக்கும் ராக்கையா தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில்தான் தலை நின்றது.

"படகு தண்ணியிலேயே கெடக்கணும். பத்து நாளைக்கு மேல கரையில வைக்காதே. வச்சாலும் ஈரச் சாக்கைப் போட்டு மூடு. காயவே விடாதே" என்று படித்தார் ராஜாராம்.

"மரத்தை ஈரத்துல ஊறப் போடச் சொல்றாரா? நல்லாப் பாருங்கய்யா."

"எழுதியிருக்கிறதைத்தான்யா படிக்கிறேன். படகைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

ராக்கையா சிரித்தார். "தொரைக்குக் காத்தைப் பத்தித் தெரியும், ஒத்துக்கிறேன். ஈரத்தைப் பத்தி அவருக்கு என்னங்கய்யா தெரியும்? ஒரு தடவையாவது ஒரு தட்டுக் காயை அவரு ஒழுங்கா ஒணத்தியிருப்பாரா?"

அது நியாயமான கேள்விதான். வாழ்நாள் முழுக்க ஈரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர். கொஞ்சம் ஈரம் மிஞ்சினால் ஒரு மூட்டைக் காயே கறுத்துப் போவதைக் கண்ணால் பார்த்தவர். அவரிடம் போய் ஈரம் நல்லது என்று இரண்டு தாள் சொன்னால் எப்படி ஏறும்?

ஆனி பிறந்ததும் மழை பிடித்தது. மலையில் ஆனி மழை என்றால் விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. இருபது நாள் சூரியனே தெரியவில்லை. ராக்கையா தினமும் போய்ப் படகுக்குள் தேங்கின தண்ணீரை இறைத்துவிட்டு வந்தார். ஒரு நாள் உள்பலகையைத் தடவினால் கையில் வழுவழுவென்று ஒட்டியது. பச்சைப் பாசி. மூலைகளில் கறுப்பாகப் பூசணம். ஆவணிக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான். பூசணம் பிடித்த சரக்கை எந்த முதலாளி வாங்குவான்?

காய் பறிப்புத் தொடங்காததால் ஸ்டோர் காலியாகத்தான் கிடந்தது. பத்து ஆட்களைக் கூட்டிப் படகைக் கரையேற்றி, தோளில் சுமந்து, ஸ்டோருக்குள் கொண்டுவந்து குழாய்களுக்கு மேல் கவிழ்த்தார். அடுப்பை மூட்டினார். மூன்று வாரம் இளஞ்சூடு. மொக்கம்மாள் சோற்றுத் தூக்கோடு வந்து வாசலில் நின்று கத்தினாள்.

"அடுப்பை விட்டுப் போறதுக்கு அடுப்படியிலயே குடியிருக்கணுமா? சும்மா கெடக்கிற மாசத்துலகூட இந்தப் புகையிலயா உக்காரணும்?"

"இதான் கடைசி அடுப்பு, புள்ள. இதோட சரி."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் வாரக் கடைசியில் விரல் முட்டியால் பலகையைத் தட்டினார். கணீரென்றது. பலகைகளுக்கு நடுவே திரித்து அடைத்திருந்த பஞ்சு தளர்ந்து, அங்கங்கே நூல் கனத்துக்கு இடுக்கு விட்டிருந்தது. அது ராக்கையாவின் கண்ணில் படாமல் இல்லை. நன்றாகக் காய்ந்த சரக்கு சுருங்கத்தானே செய்யும் என்று சந்தோஷப்பட்டார் மனிதர்! சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் பிசைந்து செய்த மக்கை இடுக்குகளில் வைத்து அப்பி, இரண்டு கை வர்ணம் அடித்து, அதன் மேல் வார்னிஷும் பூசினார். ஆடி முடியும்போது படகு கல்யாணப் பெண்ணாக நின்றது.

ஆவணி முதல் திங்கட்கிழமை முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், சிரித்த முகம். படகைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். "இது புத்தம் புதுசு மாதிரி இருக்கே! நீயா இப்படி வெச்சிருக்கிறது?" என்று ராக்கையாவின் தோளைத் தட்டினார். ராக்கையா, கரையில் நின்ற மொக்கம்மாளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

படகைத் தள்ளி, முதலாளியை ஏற்றி, பாயை இழுத்துக் கட்டினார். இருபது கஜம் போயிருக்கும். ஒரு இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்தது. ராக்கையா காலை நகர்த்தி அதை மறைத்தார். பிறகு இன்னொரு இடுக்கு. அதன் பிறகு எந்த இடுக்கு என்று சொல்ல முடியவில்லை, அடி முழுவதும் தண்ணீர் வந்தது. காய்ந்த மக்கு பாளம் பாளமாகப் பெயர்ந்து மிதந்தது. தகர டின்னை எடுத்து அவர் இறைத்தார், இறைத்தார், இறைக்க இறைக்க ஏறியது. முழங்கால் அளவு வந்ததும் முதலாளி தண்ணீரில் குதித்து, நெஞ்சளவு நீரில் நடந்து கரையேறினார். வெள்ளை வேட்டியெல்லாம் சேறு.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேட்டியைப் பிழிந்துகொண்டே, கரையில் நின்றிருந்த ராஜாராமிடம் சொன்னார்: "எடோ கிளார்க்கே, ஓட்டையை வர்ணத்துல மூடி விக்கப் பாத்தீங்களோ? இதுல என் விருந்தாளிகளை ஏத்தினா நான் ஜெயிலுக்கல்லவா போகணும்? வெள்ளி வரைக்கும் போடியில இருப்பேன், காய் வாங்க. படகுக் கதையோட யாரும் அங்க வர வேண்டாம்."

அரைகுறையாக முங்கின படகை வெளியே இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கரையோரம் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாயையும் கயிற்றையுமாவது கழற்றி வைப்போம் என்று ராக்கையா ஏரிக்குப் போனார். நின்று வேலை செய்ய வேண்டுமே என்று டின்னால் தண்ணீரை இறைத்தார். இறைத்த இடத்தில் திரும்ப ஏறவில்லை. நம்பாமல் முழுவதையும் இறைத்தார். படகு மெல்ல எழுந்து மிதந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தார். குதித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று, அடிப்பலகையில் ஒரு சொட்டு இல்லை. நான்கு நாள் தண்ணீர் குடித்த பலகைகள் உப்பி, ஒன்றை ஒன்று நெருக்கி, எல்லா இடுக்கையும் தாமே அடைத்துக்கொண்டிருந்தன. கடைசி வரியில் துரை என்ன சொன்னார் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு ஓடினார். முதலாளி ஒரு மண்டி வராந்தாவில் நாலைந்து வியாபாரிகளோடு காய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வெரசா வாங்க. படகு சரியாப் போச்சு. ஒரு சொட்டு எறங்கல."

"யாரு அடைச்சது?"

"யாரும் அடைக்கல மொதலாளி. தண்ணியில கெடந்து தானா அடைஞ்சிருச்சு."

வராந்தாவே சிரித்தது. ஒரு வியாபாரி, "அண்ணே, எங்க வீட்டுக் கூரைகூட ஒழுகுது. மழையில கெடந்தா தானா அடையுமா?" என்று கேட்டார். மறுபடி சிரிப்பு. அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். ஆனால் அவர் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். துரையின் தாளைக் கேட்டபோது சிரிக்கத்தான் செய்தார்.

"படகு வேணாம்னா போகட்டும் மொதலாளி" என்றார். குரல் இறங்கிவிட்டது. "என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க. கூட்டிப் பெருக்குறேன், தண்ணி எடுக்குறேன். எந்தச் சோலின்னாலும் சரி. புகை மட்டும் ஆகாது எனக்கு."

முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். இரக்கம் இல்லாதவர் இல்லை. "படகே இல்லை, படகுக்காரன் எதுக்குடோ? காய் ஒணத்துறதுல உன்னை மாதிரி ஆள் இல்லைன்னு இவங்க சொல்றாங்க. தெரிஞ்ச வேலையைப் பாரு, போ" என்றார்.

மாலையில் ராக்கையா மலையேறி வந்தபோது, வருடத்தின் முதல் பறிப்புக் காய் ஈர மூட்டைகளாக ஸ்டோர் வாசலில் கிடந்தது. அவரைப் பார்த்ததும் மொக்கம்மாள் கஞ்சியை ஊற்றி வைத்தாள். அவர் முகமே சொல்லிவிட்டது.

"தொரை சரியாத்தான் சொல்லியிருந்தாரு. நாந்தான் கேக்கல" என்றார் அவர்.

"கஞ்சி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அவள்.

டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. ஐம்பத்தைந்தாம் வருடம் ஐப்பசியில், காய் மும்முரமாக வந்துகொண்டிருந்த நாட்களில், ராக்கையா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராஜாராம் லயனுக்கு வந்து, வீட்டை என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுப்பு எரிக்கிறவருக்குத்தான் அந்த வீடு. மொக்கம்மாளுக்குப் போக வேறு இடம் இல்லை. மறுநாள் விடியற்காலையில் அவளே ஸ்டோருக்குப் போய், புகைக்கு மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.