வண்டி இழுக்காமல் போன நாட்கள்

மம்சாபுரத்தில் யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால், வீட்டில் முதலில் தேடுவது மாரீஸ்வரியின் நம்பரைத்தான். ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் சுற்றும் மெஷினுக்கு முன்னால் வருஷக்கணக்காக நின்றவள் அவள். காலில் நரம்பு சுருண்டுகொண்டு இனி நிற்க முடியாது என்று ஆனபோது, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று கார் ஓட்டப் பழகினாள். பிறகு பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வாங்கினாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். அவள் குலுங்காமல் ஓட்டுவதில் பிரசவத்துக்குப் போன பெண்கள் வண்டியிலேயே கண்ணயர்ந்தார்கள் என்ற பேச்சு பரவியதும் சிரிப்பு நின்றது.

அவளுடைய வாடிக்கைக்காரர்களில் முக்கியமானவர் குருசாமி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே ஏட்டையா. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இருமுறை மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். கூட மனைவி வெள்ளைத்தாய் வருவார். மகன் பாண்டிதுரை ராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில். அப்பாவை மாரீஸ்வரி பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில்தான் அவன் அங்கே நிம்மதியாக இருந்தான்.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. கிருஷ்ணன்கோவில் தாண்டி, ரோடு குறுகலாக இருந்த இடத்தில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே பஸ் ஒன்று தூரத்தில் தெரிந்தது. தாராளமாக முந்திவிடலாம் என்று கணக்குப் போட்டு, கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள் மாரீஸ்வரி. டிராக்டருக்குப் பக்கவாட்டில் வந்த நேரம், வண்டி இழுப்பதை நிறுத்திவிட்டது.

இன்ஜின் ஓடியது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. முன்னேறவும் முடியவில்லை, பிரேக் போட்டுப் பின்வாங்கலாம் என்றால் டிராக்டருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வேன் ஒட்டிக்கொண்டிருந்தது. டிராக்டர்காரர் சட்டென்று இடப்பக்கம் மண்ணில் இறக்கினார். அந்த இடைவெளியில் அவள் காரை நுழைக்கவும், பஸ் கண்ணாடியை உரசுகிற மாதிரி கடந்து போகவும் சரியாக இருந்தது.

ஓரமாக நிறுத்தினாள். பின் சீட்டில் வெள்ளைத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தலைப்பை எடுத்ததும், காற்று சூடாக வருகிறது என்று முனகினார். சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் இழுத்தது. மதுரையில் இறங்கும்போது குருசாமி சொன்னார்: "வண்டிய நல்லாப் பாத்துரு தாயி."

மறுநாள் காலை ராஜபாளையத்தில் காளிராஜின் ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டாள். காளிராஜ் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான். டர்போ இன்ஜினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுது என்று காட்டியது. அந்த சென்சார் தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பயந்துபோய் இன்ஜினின் பலத்தைக் குறைத்துவிடும் என்று விளக்கினான். புது சென்சாரை மாட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்த்தான். எந்தக் குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை அழகாபுரிக்குப் பக்கத்தில் மறுபடி அதே கதை. இந்த முறை முந்தக்கூட இல்லை. லாரி ஒன்று பின்னாலேயே நெருக்கிக்கொண்டு வந்ததால் கொஞ்சம் வேகம் கூட்டினாள், அவ்வளவுதான். வண்டி தளர்ந்தது, உடனே இன்ஜினே அணைந்தது. பின்னால் லாரியின் டயர்கள் கிறீச்சிட்டன. அது வளைத்து விலகிப்போன காற்றில் கார் ஒரு ஆட்டம் ஆடியது. வெள்ளைத்தாய் வாய்விட்டு அழுதார்.

அன்று சாயங்காலம் பாண்டிதுரை போன் செய்தான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பாவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துவிட்டதாக நிதானமாகச் சொன்னான். மாரீஸ்வரி தானே அதைச் சொல்ல இருந்ததாகவும், காரணம் தெரியாமல் இந்த வண்டியில் ஒருத்தரையும் ஏற்றப்போவதில்லை என்றும் பதில் சொன்னாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் தங்கப்பாண்டியன் வண்டியை விற்றுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டான். விற்றால் வாங்குகிறவன் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவானே என்றாள் அவள்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் இப்போது இரண்டு பழுதைக் காட்டியது: காற்றழுத்த சென்சார் மறுபடியும், அதோடு டீசல் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரும். புதிதாக மாட்டியதும் கெட்டுவிட்டதா என்று காளிராஜ் குழம்பினான். டீசல் சென்சாரையும் மாற்றிப் பார்ப்போம் என்றான்.

மாரீஸ்வரிக்கு மனசு ஒப்பவில்லை. மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு இடம் ரோடுதானே, பின்னால் லாரி வருமே என்று நினைத்தாள். வண்டி தளர்ந்த இரண்டு முறையும் நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாக அவனிடம் சொன்னாள். அப்போதுதான், செவ்வாய்க்கிழமை ஓரமாக நிறுத்தியிருந்தபோது வெள்ளைத்தாய் ஒன்று சொன்னது ஞாபகம் வந்தது.

"ஏசியில சூடாக் காத்து வருதுன்னாக அத்தை. ரெண்டாவது தடவையும் அப்படித்தான் இருந்துச்சு தம்பி."

அழுத்தி மிதித்தால் இன்ஜினுக்குப் பலம் சேர ஏசி தானாகக் கொஞ்ச நேரம் நிற்கும், அது வழக்கம்தான் என்றான் காளிராஜ். ஆனால் காலை எடுத்த பிறகும் குளிர் வரவில்லை, சாவியைத் திருப்பிய பிறகுதான் வந்தது என்றாள் அவள். காளிராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஏசியிலும் அழுத்தம் பார்க்கிற சென்சார் ஒன்று உண்டு.

"அக்கா, இந்த மூணுக்கும் கம்ப்யூட்டர் ஒரே இடத்துலருந்துதான் அஞ்சு வோல்ட் குடுக்குது. சென்சார் மேல தப்பு இல்ல. அதுகளுக்குப் போற கரண்ட் எங்கயோ அறுந்து அறுந்து போகுது."

எங்கே என்பதுதான் தெரியவில்லை. நிறுத்திவைத்து வயர்களை ஆட்டிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான். மீட்டர் அசையாமல் ஐந்தைக் காட்டியது. ஆள் ஏறி, பாரம் கூடி, இன்ஜின் முக்கும்போதுதான் அந்தக் கோளாறு வெளியே வருகிறது. அப்படியானால் அதை ரோட்டில்தான் வரவழைக்க வேண்டும்.

தங்கப்பாண்டியன் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறவன். முதலாளியிடம் கேட்டு நூல் மூடைகளைக் கொண்டுவந்து பின் சீட்டிலும் டிக்கியிலும் அடுக்கினான். தானும் கூட வருகிறேன் என்றான். மாரீஸ்வரி வேண்டாம் என்றுவிட்டாள். சென்சார் வயரிலிருந்து ஒரு நீள வயரை உள்ளே இழுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு காளிராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மம்சாபுரத்துக்குப் போகிற ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த மத்தியான நேரம். காளிராஜ் மிதிக்கச் சொன்னான். அவள் மிதித்தாள், பாதியில் கால் தானாக எழும்பிவிட்டது. மறுபடி சொன்னான், மறுபடியும் அப்படியே. வண்டி நின்றுபோகும் என்று தெரிந்தே மிதிக்க அவள் கால் ஒப்பவில்லை. காளிராஜ் அவசரப்படுத்தவில்லை. தான் ஓட்டட்டுமா என்று கேட்டான். "வேண்டாம். எனக்குத்தான் தெரியும், அது எந்த இடத்துல விட்டுச்சுன்னு," என்றாள்.

மூன்றாவது கியர். கால் தரையைத் தொடும்வரை மிதித்தாள். இன்ஜின் உறுமி எழும்பியது, முன்பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கியது. மீட்டரில் ஐந்து பூஜ்யமாக விழுந்ததைக் காளிராஜ் கத்திச் சொன்னான். அதே நேரம் தோட்டத்துப் பாதையிலிருந்து ஒரு டிவிஎஸ் வண்டி ரோட்டில் ஏறியது. அதில் ஓட்டுகிறவரும் பின்னால் புல்லுக்கட்டோடு ஒரு பெண்ணும் இருந்தார்கள். கிளட்சை மிதித்ததும் இன்ஜின் அடங்கிப்போனது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. இரண்டு கையாலும் உடம்பின் மொத்தப் பலத்தையும் கொடுத்து இழுத்தாள். பிரேக்கில் ஏறி நின்றாள். பின்னாலிருந்த நூல் மூடைகள் சீட்டில் வந்து மோதின. கார் வலப்பக்க மண்ணில் இறங்கி, வேலிக் கம்பிக்கு முன்னால் நின்றது. டிவிஎஸ்காரர் திரும்பிப் பார்த்து, வைதுவிட்டுப் போனார்.

மடியிலிருந்து விழுந்த மீட்டரைக் காளிராஜ் எடுத்து வைத்தான். பிறகு இறங்கிப் பானட்டைத் திறந்தான். நீளக் கம்பியால் இன்ஜினை நெம்பித் தள்ளினான். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் ஒன்று கிழிந்திருந்தது. அதனால் இன்ஜின் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்தது. சாயும்போது அதற்குப் பின்னே போகிற வயர்க்கட்டு ஒரு தகட்டின் விளிம்பில் போய் அழுந்தியது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, மேல் உறை தேய்ந்து, ஒரு வயரில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. அது தகட்டில் படும்போதெல்லாம் அந்த ஐந்து வோல்ட் பூஜ்யமாகியிருக்கிறது. அந்த இடத்தில் கை நுழையாததால் முன்பு ஆட்டிப் பார்த்தபோது அகப்படவில்லை.

மாரீஸ்வரி குனிந்து அதையே பார்த்தாள். சுண்டு விரல் நகத்தளவுதான் இருக்கும். இவ்வளவு சின்னதா இத்தனை பேரைக் கொல்லப் பார்த்தது என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது. வேலியோரம் போய் உட்கார்ந்து அழுதாள். காளிராஜ் பானட்டுக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டான்.

வயரைப் புதிதாக இழுத்து, உறை போட்டு, தகட்டிலிருந்து விலக்கிக் கட்டினார்கள். ரப்பரும் மாறியது. நூல் மூடைகளோடு அவள் தனியாகத் திருமங்கலம்வரை போய்வந்தாள். மறுநாளும் போனாள். பிறகு குருசாமி வீட்டுக்குப் போய், பழுது எங்கே இருந்தது, ஏன் தெரியாமல் போனது என்று மறைக்காமல் சொன்னாள். இனி வராது என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் தெரிந்தவரை எல்லாம் பார்த்தாயிற்று என்றாள்.

வெள்ளைத்தாய் வாசல்படியிலேயே நின்றார். கணவர் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. குருசாமி மகனுக்குப் போன் போட்டு, தானே பேசிக்கொண்டார். பிறகு கேட்டார்: "மூடைய ஏத்திக்கிட்டு எம்புட்டுத் தூரம் போன?"

சொன்னாள். அவர் தலையசைத்தார். வெள்ளிக்கிழமை காலை முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைத்தாயும் ஏறினார், ஆனால் மதுரை வரும்வரை கதவுப் பிடியை விடவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. மிதிக்கப் பயந்த அவள் கால் சரியாக இன்னும் நாளானது. ஒருமுறை சிமென்ட் லாரி ஒன்றுக்குப் பின்னால் கல்லுப்பட்டிவரை புகையைத் தின்றுகொண்டே போனாள். லாரிக்காரர் கையைக் காட்டி வழிவிட்டும் முந்தவில்லை. குருசாமி அதைக் கவனித்தார். கார்த்திகை பிறந்து மழை விட்ட ஒரு நாள், பாண்டிதுரை லீவில் வருகிற சேதியை அவர் சொல்லிக்கொண்டு வந்தபோது, பேச்சு மும்முரத்தில் அவள் ஒரு டேங்கர் லாரியை முந்தி வெகுதூரம் போயிருந்தாள். கண்ணாடியில் அது சின்னதாகத் தெரிந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.