ஒரு வாரம் முந்திய தேதி

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் தேதி எழுதுவது என் பணி. தமிழில் முதுகலை படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதவர் குறைவு. ஆசிரியர் பணி கிடைக்கும் வரை தற்காலிகமாகச் சேர்ந்தேன் என்று சொல்வேன். இது நடந்தபோது அந்தத் தற்காலிகத்துக்குப் பன்னிரண்டு வயது.

கப்பல் புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் பிரிவு எந்த நாளில் முடிக்கவேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டவேண்டும். தோல் வெட்டும் பிரிவு இருபத்தைந்தாம் தேதி முடித்தால் போதும் என்றால் பதினெட்டு என்று எழுதுவேன். அந்தப் பிரிவின் மேற்பார்வையாளரான பாய், தாளை ஏற இறங்கப் பார்ப்பார்.

“பதினெட்டா டீச்சரம்மா? சரி, இருபத்தஞ்சுக்குக் குடுத்துட்றேன்.”

இருபத்தைந்துக்குக் கொடுத்தும் விடுவார். என் பொய்யை அவரும், அவர் கணக்கை நானும் மதித்ததால், வேலை நடக்கவேண்டிய நாளில் நடந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் விதிக்கும் நாளுக்கும் இதே மரியாதைதான். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மழையால் தோல் காயவில்லை என்று பணிவான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினால் ஒரு வாரம் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால், செலவு பல மடங்கானாலும், சரக்கு கப்பலுக்குப் பதில் விமானத்தில் போகும். பன்னிரண்டு ஆண்டுகளில் என் கடிதம் எதுவும் மறுக்கப்பட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், எங்கள் திட்ட அலுவலர் ஓய்வுபெறும் காலம் நெருங்கியது. அவர் என்னை அழைத்துச் சொன்னார்:

“எனக்கப்புறம் இந்த சீட் உனக்குத்தாம்மா. ஆனா டிப்ளமா இல்லாம குடுக்க மாட்டாங்க. மார்ச்சுக்குள்ள முடிச்சுடு. இல்லன்னா வெளியாளுதான்.”

வெளியூர்க் கல்லூரி ஒன்று உற்பத்தி மேலாண்மைப் பட்டயத்தை இணையவழியே நடத்தியது. பாடமும் பயிற்சியும் கணினியிலேயே. ஆறு மாதத்தில் ஏழு பயிற்சிகள். ஏழாவதைப் பிப்ரவரி இறுதிக்குள் அனுப்பவேண்டும்.

முதல் பயிற்சியைக் கண்டதும் சிரித்துவிட்டேன். ‘உங்களுக்கான படிப்புத் திட்டத்தை நீங்களே வகுத்து அனுப்புக.’ யாரிடம் எதைக் கேட்கிறார்கள்!

நாலு வண்ணத்தில் வகுத்தேன். வேலூர்ப் பாகாயத்தில் எங்கள் வீட்டருகிலிருந்து ஆம்பூர் வரை நிறுவனப் பேருந்தில் காலை ஒரு மணி நேரம் வாசிப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் பயிற்சிகளை ஏற்றுதல். கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனிக்கென டிசம்பரில் சில நாட்கள் விடுமுறை. இறுதிப் பயிற்சிக்கு, கல்லூரி சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முந்திய தேதியைப் போட்டேன். எனக்கு நானே வெட்டும் பிரிவானேன். பத்துக்குப் பத்து கிடைத்தது. பிற மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டத்தக்கது என்றொரு குறிப்பும் வந்தது. திட்டத்தை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் என் கணவர் தண்ணீர் எடுக்க வந்தவர் நின்று பார்த்தார்.

“இன்னா இது, ஷிப்மென்ட் வூட்டுக்கே வந்துடுச்சா?”

பேருந்து ஓட்டுநருக்கு என் திட்டம் தெரியாது. பள்ளிகொண்டா தாண்டும்வரை அவர் பாட்டை நிறுத்துவதில்லை. அவர் நிறுத்தும்போது நான் உறங்கியிருப்பேன். ஆகவே இரண்டாம் பயிற்சி தள்ளிப் போனது. தொழிற்சாலையில் ஒரு பிரிவு பின்தங்கினால் என்ன செய்வோமோ அதையே செய்தேன்: சனிக்கிழமை அமர்ந்து திட்டத்தைத் திருத்தினேன். திருத்திய திட்டத்தில் எந்தப் பயிற்சியும் தாமதமாகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் திருத்தினேன். படித்த நேரத்தைவிடத் திட்டம் வகுத்த நேரம் மிகுதி என்றாலும், எந்த நாளில் கேட்டாலும் நான் குறித்த காலத்திலேயே இருந்தேன்.

“இது அஞ்சாவது பதிப்பா?” என்றார் கணவர். “புக்கு எப்பம்மா வரும்?”

எப்படியோ ஆறு பயிற்சிகள் போய்ச் சேர்ந்தன. எஞ்சிய ஏழாவது பெரியது. தான் பணிபுரியும் ஆலைக்கு ஒரு முழு உற்பத்தித் திட்டம். நான் எழுதிய தேதி வந்தபோது அதை எழுதியவள் யாரென்று எனக்குத் தெரிந்திருந்தது. பாயைப் போல் ஒரு வாரத்தைக் கூட்டிக்கொண்டேன். அந்த வாரமும் தேய்ந்தபோது மற்றோர் எண்ணம் தோன்றியது: கல்லூரியும் தன் பங்குக்கு ஒரு வாரம் முன்னே போட்டிருக்கும் அல்லவா? போடாமல் எவர் தேதி எழுதுவார்?

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, பழகிய கடிதத்தை எடுத்து, தோல் இருந்த இடத்தில் மின்வெட்டை வைத்துக் கல்லூரிக்கு அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. இத்தனை அக்கறையா என்று மகிழ்ந்து திறந்தேன். இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை எவரும் படிப்பதில்லை என்று அது பணிவாகத் தெரிவித்தது. பயிற்றுநருக்கு எழுதினேன், பதில் இல்லை. பதில் வராததை இசைவென்றே கொண்டேன்.

மார்ச் முதல் நாள், முடித்த பயிற்சியுடன் பிரவுசிங் சென்டரில் அமர்ந்தேன். ஏற்றுவதற்கான பொத்தான் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கடைக்காரர் வந்து திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

“நெட்டு நல்லாத்தான் இருக்குது. பட்டனையே தூக்கிட்டாங்க மேடம்.”

மறுநாள் காலை, என் படிப்பின் கெடுவை அறிந்திருந்த பாய் தானாகவே என் மேசைக்கு வந்தார்.

“இன்னா டீச்சரம்மா, கப்பல் போய்ட்ச்சா?”

“போய்டுச்சு பாய்.”

“ஏர்ல அனுப்ப முடியாதா?”

“பாடத்துக்கு ஏர் கெடையாது பாய்.”

“யா அல்லா! சொன்ன தேதியேவா தேதி?” அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “இன்னா காலேஜ் அது? பேஜாரு புடிச்ச காலேஜு!”

என் பொருட்டு ஒருவர் அத்தனை நியாயமின்றிக் கோபித்தது அன்று பெரிய ஆறுதல்.

அலுவலரின் நாற்காலிக்கு அதே பட்டயம் பெற்ற நடுவயதினர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். பொய்த் தேதி எழுதக் கூடாதென்பது அவர் கொள்கை. முதல் தாளிலேயே வெட்டும் பிரிவுக்கு உண்மையான நாளைப் போட்டார்.

“சார், பாய் இதுல ஒரு வாரம் சேத்துக்குவாரு,” என்றேன்.

“பிளான்னா நேர்மையா இருக்கணும் மேடம்.”

பாய் சேர்த்துக்கொண்டார். அந்த மாதச் சரக்கு விமானத்தில் பறந்தது. அடுத்த மாதச் சரக்கும் பறந்தது. மூன்றாம் மாதம் அவரும் சென்னைக்குத் திரும்பிவிட்டார். நிர்வாகம் என்னை அழைத்து, பட்டயம் வரும் வரை அந்த வேலையை என்னையே பார்க்கச் சொன்னது. வேலை மட்டும், நாற்காலியைப் பற்றிப் பேச்சில்லை.

மீண்டும் பதிவு செய்தேன். மீண்டும் முதல் பயிற்சி அதேதான். முழு மதிப்பெண் வாங்கிய பழைய திட்டம் கையில் இருந்தது, அனுப்பவில்லை. ஒரே மையில் புதிதாக எழுதினேன். இறுதியில் கல்லூரி சொன்ன தேதி, அந்த ஒன்று மட்டும். கதவில் ஒட்டியபோது கணவர் சந்தேகத்துடன் பார்த்தார்.

“இது நெஜத் தேதியா?”

“நெஜம்.”

“அப்போ பயமா இருக்குதே,” என்றார்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பேருந்தில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தேன். சனிக்கிழமைகளில் எதையும் திருத்தவில்லை. அந்தத் திட்டத்துக்குப் பத்துக்கு ஆறுதான் கிடைத்தது. எதிர்பாராத தாமதங்களுக்காக, இறுதித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடிக்கும்படி வகுத்திருக்கவேண்டும் என்று பயிற்றுநர் குறித்திருந்தார். படித்துவிட்டு அடுத்த பயிற்சியைத் திறந்தேன். கெடுவின் கடைசி நாளன்று ஏழாவதை அனுப்ப அமர்ந்தபோது, பொத்தான் இருந்தது.