குடைக்கம்பியும் மீன் எண்ணெயும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். நான். காருக்குச் சொந்தக்காரரான டிரைவர் அண்ணன். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் என் மச்சான், அதாவது என் சம்சாரத்தின் தம்பி. பக்கத்து பஞ்சர் கடை பாய். பாய் கடைப் பூனையும் இருந்தது, ஆனால் அது எந்த யோசனையும் சொல்லவில்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது கேட்டால் மற்ற மூன்று பேரும், "நான் சும்மா டீ குடிக்க வந்தேன்பா" என்கிறார்கள். காருக்குச் சொந்தக்காரர் உட்பட.

என் கடை ஆம்பூர் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. காருக்கு லைட், ஹாரன், ஒயரிங் வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கற்றுக்கொண்ட தொழில். டிரைவர் அண்ணன் ஒரு ஷூ கம்பெனி மேனேஜருக்கு மாசக் கணக்கில் ஓட்டுகிறார். அடிக்கடி விடியற்காலையில் அவரைக் காட்பாடிக்குக் கொண்டுபோய்ச் சென்னை ரயிலில் ஏற்ற வேண்டும். தை மாசத்தில் விரிஞ்சிபுரம் பக்கம் பனி இறங்கினால் முன்னால் போகும் லாரியே தெரியாது. அதனால் பனி லைட் போடச் சொல்லி வந்தார்.

"வேலை சுத்தமா இருந்தா எங்க ஸ்டாண்டு வண்டி எட்டும் இனிமே உன் கடைக்குத்தான். நான் சொன்னா கேப்பானுங்க" என்றார்.

எனக்கு அந்த எட்டு வண்டியும் வேண்டும். கடை திறந்ததிலிருந்து வாடிக்கை என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் அமையவில்லை. வழியில் ஹாரன் அடங்கிப்போனவர்கள் வருவார்கள், சரிசெய்துகொண்டு போவார்கள், அவ்வளவுதான். ஒரு ஸ்டாண்டு கைக்கு வந்தால் கடை நிற்கும். இல்லையென்றால் மச்சானோடு தோல் ஷாப்புக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

லைட்டை முன்னால் மாட்டுவது ஒரு வேலையே இல்லை. ஸ்விட்ச் உள்ளே வரவேண்டும், அதில்தான் இருக்கிறது பேஜார். என்ஜின் இருக்கும் பக்கத்துக்கும் நாம் கால் நீட்டும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் உண்டு. அந்தப் பக்கம் தீப்பிடித்தால் நம் முழங்காலுக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரமாகட்டும் என்று வைத்தது. ஃபயர்வால் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் பயம். தீ வரும் என்று தெரிந்துதானே சுவர் வைத்திருக்கிறான்?

அதில் டிரில் வைத்து ஓட்டை போடுகிற தைரியசாலிகள் இருக்கிறார்கள். எனக்குக் கை வராது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஏசி பைப் இருக்கலாம். பிரேக் பைப் இருக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும், போட்ட ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி டிரைவரின் காலை நனைக்கலாம். அதனால் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைத் தேடுகிற ஆள் நான். கம்பெனியில் போட்டுக் கொடுத்த ஒயர்க்கட்டு சுவரைத் தாண்டும் இடத்தில் தடித்த ரப்பர் ஒன்று செருகியிருக்கும். அந்த ரப்பரின் ஓரத்தில் சின்னதாகக் குத்தி, நம் ஒயரையும் அதே வழியில் இழுத்துக்கொள்வேன்.

இதற்கென்றே போனில் ஆர்டர் போட்டு ஒரு டப்பா வரவழைத்திருந்தேன். பச்சைக் கலரில் ஃபைபர் குச்சிகள், முனையில் கொக்கி, காந்தம், இருட்டில் மினுமினுப்பு வேறு. வீடியோவில் கையுறை போட்ட வெள்ளைக்காரர் குச்சியை அந்தப் பக்கம் விட்டு, சிரித்த முகம் மாறாமல் இந்தப் பக்கம் எடுக்கிறார். அவர் காரில் என்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். நம்ம ஊர் சின்ன வண்டியில் மணிக்கட்டுக்கு மேல் உள்ளே போகாது. குச்சி வளையவேண்டிய இடத்தில் வளையாமல் உடைந்தது. டப்பாவை அலமாரியில் வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

உண்மையில் வேலைக்கு ஆவது மூன்று சாமான். தோலைக் குத்தும் குத்தூசி ஒன்று, மச்சான் எங்கிருந்தோ கொண்டுவந்தது, நான் விசாரிக்கவில்லை. ஒரு பழைய குடைக்கம்பி. கொஞ்சம் சைக்கிள் பிரேக் கம்பி. குத்தூசி ரப்பரில் வழி திறக்கும். நேரான இடத்தில் குடைக்கம்பி போகும், வளைவு வந்தால் பிரேக் கம்பி போகும். கம்பியின் வாலில் ஒயரை டேப் சுற்றிக் கட்டி உள்ளே இருந்து இழுக்க வேண்டும்.

நான் பானெட்டுக்குள் கவிழ்ந்திருந்தேன். பாய் உதவிக்கு வந்து, டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதா பாய்?"

"தெரியுது தெரியுது. உன் கம்பியும் உன்னைமாதிரியே நடுங்குது."

பாய் கம்பியை இழுத்தார். வந்தது. ஒயர்கள் ரப்பருக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. மறுபடி இழுத்தார், டேப் உருவிக்கொண்டு கம்பி மட்டும் அவர் கையோடு போனது. வழக்கமாகச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் தண்ணீரா என்று நான் சோப்பு டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

மச்சான் சொன்னான்: "எதுக்கு மாமா சோப்பு? என் வண்டியில எண்ணெய் இருக்குது, எடுத்தாரேன்."

எங்கள் பக்கத்தில் எது விறைத்துக்கொண்டாலும் வைத்தியம் ஒன்றுதான். தோல் காய்ந்து முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஷாப்பில் போடுகிற மீன் எண்ணெய். கதவுக் கீல், பெல்ட், சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் தெருவில் ஒருத்தர் முட்டிவலிக்குக்கூடத் தேய்த்துக்கொண்டு ஒரு வாரம் பஸ்ஸில் தனி சீட்டில் போனார். அதனால் மச்சான் பாட்டிலை நீட்டியபோது யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

ஆனாலும் நான் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. "தீப்பிடிக்குமாடா?"

"பிடிக்காது மாமா."

"கரண்ட் பாயுமா?"

"பாயாது."

"ரப்பர் இளகிடுமா?"

டிரைவர் அண்ணன் உள்ளே இருந்து கத்தினார்: "யப்பா, பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ கேக்கமாட்டான்பா!"

எல்லாக் கேள்வியும் கேட்டேன். நாற்றம் ஜாஸ்தி அடிக்குமா என்றுகூடக் கேட்டேன். யாருக்குப் பிடிக்கும் என்று மட்டும் கேட்கவில்லை.

எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். ஒயர்கள் வழுக்கிக்கொண்டு போயின. பாய் "மாஷா அல்லா" என்றார். ரப்பரைச் சுற்றியும் ஒரு கோட்டிங் கொடுத்தேன், நாளைக்குக் காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்ற கவலையில். அப்போது பூனை பம்பர்மேல் ஏறி என் கையை நக்க ஆரம்பித்தது.

"பாய், உங்க பூனை தொழில் கத்துக்கணுமாம்" என்றார் டிரைவர் அண்ணன். சிரித்தோம். ஒரு பூனை தெளிவாகச் சொன்னதை நாலு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லைட் எரிந்தது. கூலியை ஸ்டாண்டு வண்டிகள் வரும்போது சேர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சில நாட்கள் தினமும் போன் போட்டேன்.

"அண்ணா, கருகின வாசனை ஏதாச்சும் வருதா?"

"மீன் வாசனைதான் வருது. பசி எடுக்குது, போனை வை."

அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் அவரே கூப்பிட்டார். காட்பாடிக்கு முந்தைய பாலாற்றுப் பாலத்தின்மேல் வண்டி நின்றுவிட்டது. மேனேஜர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடியிருக்கிறார். ரயில் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

குத்தூசியும் டேப்புமாகப் பஸ் பிடித்துப் போனேன். பானெட்டைத் தூக்கினால் நான் கோட்டிங் கொடுத்த ரப்பரைக் காணவில்லை. எலிப் புழுக்கை மட்டும் இருந்தது. எலிகள் என் ஒயர்கள் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கம்பெனி ஒயர்க்கட்டையும் பதம் பார்த்திருந்தன. தோல் உரிந்த ஒயர்கள் ஆட்டத்தில் ஒன்றோடொன்று உரசி ஃபியூஸ் போயிருந்தது. தீ மட்டும் பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் மச்சான் சொன்னது சரி.

"இன்னாபா இது, லைட் போடச் சொன்னா எலிக்குப் பந்தி வெச்சிருக்க?"

மச்சானுக்குப் போன் போட்டேன். "ஆமா மாமா, எங்க ஷாப்புல எலிக்குப் பயந்துதான் அந்த டிரம்மை மூடிப் பூட்டி வெப்போம்" என்றான்.

"அதை அன்னைக்கே சொல்றதுக்கு இன்னாடா?"

"நீங்க தீப்பிடிக்குமான்னுதானே கேட்டீங்க?"

அங்கேயே ஒட்டுப்போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தேன். ஆனால் ஸ்டாண்டில் எட்டு வண்டியும் ராத்திரி ஒட்டிக்கொண்டு நிற்பவை. ருசி கண்ட எலிகள் ஒரே வண்டியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முதலில் பக்கத்து வண்டியில் ஹாரன் போனது, அதற்கு அடுத்ததில் வைப்பர். மாசம் முடிவதற்குள் ஸ்டாண்டு மொத்தமும் என் கடை வாசலில் வரிசையில் நின்றது. பாய் எண்ணிப் பார்த்துவிட்டு, "அவர் வாக்குத் தவறாத மனுஷன்பா" என்றார்.

கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை, கொடுக்கவும் யாரும் பையில் கையை விடவில்லை. எட்டு வண்டிக்கும் ஒயர் மாற்றி, வேப்பெண்ணெய் தெளித்து, ஓட்டைகளைக் கம்பிவலையால் அடைத்துக் கொடுத்தேன். இப்போது எந்த வண்டியில் எது கெட்டாலும் என்னிடம்தான் வருகிறார்கள். புதிதாகக் கெட்டதற்குக் காசு கொடுக்கிறார்கள். எலி சம்பந்தப்பட்டது என்றால் கொடுப்பதில்லை. எது எலி, எது எலி இல்லை என்பதில்தான் தினம் வாக்குவாதம். எப்படியோ கடை நிற்கிறது. தோல் ஷாப் பேச்சு வீட்டில் அடங்கிவிட்டது.

டிரைவர் அண்ணன் கணக்கு மட்டும் தனி. அன்றைக்கு மேனேஜர் காட்பாடியிலிருந்து சென்னைக்கு டாக்ஸியில் போனார். அந்த மூவாயிரத்து எண்ணூறை இவருடைய மாசப் பில்லில் பிடித்துக்கொண்டார்.

"அவர் என் பில்லுல பிடிச்சாரு, நான் உன் பில்லுல பிடிக்கிறேன்" என்றார் அண்ணன். லைட் மாட்டிய என் கூலி எண்ணூறு அதில் கழிந்தது. போன மாசம் ஐந்நூறு கொடுத்தேன். நான் அவருக்கு இன்னும் தரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.