புகை ஒன்றும் செய்யாது

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் சுவரைத்தான் விசாரிப்பார். மனிதர்களை நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு கணம் நிற்பார். சூடு இல்லை என்று தெரிந்தால்தான் நாற்காலியில் உட்காருவார். ஏன் உள்ளங்கையை வைப்பதில்லை என்று யாராவது கேட்டுவிட்டால், மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் மடங்கி அதையே பற்றிக்கொள்ளும், புறங்கை என்றால் தானே விலகிவிடும் என்று பொறுமையாக விளக்குவார். கேட்டவர்கள் அதன் பிறகு அவரை அடிக்கடி வீட்டுக்கு அழைப்பதில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்து நஷ்டத்தை மதிப்பிடுவது அவர் வேலை. எரிந்த கடைக்கோ கிடங்குக்கோ போய், மூக்கை உறிஞ்சி, கரியைச் சுரண்டி, தீ எங்கே பற்றியது, எதுவரை போனது, எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுத வேண்டும். எவ்வளவு கொடுக்காமல் தப்பிக்கலாம் என்று எழுதுவதில் அவருக்குத் தனிக் கீர்த்தி உண்டு. அலுவலகத்தில் அவரைப் பூதக்கண்ணாடி என்று அழைத்தார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார், அழைத்தவர்களும் திருத்தவில்லை.

ஒரு கம்ப்யூட்டர் கடை எரிந்தது. முன்பக்கம் முழுக்கச் சாம்பல். நடுவில் கதவு இருந்ததால் பின்னறைக்குத் தீ போகவில்லை. பின்னறை ரேக்கில் உறையிலிருந்து எடுத்து வைத்த சரக்கு வரிசையாக இருந்தது. அதில் பிட்காயின் தோண்டும் மெஷின்களும் இருந்தன.

"சார், உள்ள பூரா புகை போயிருக்கு. எல்லாமே திறந்து வெச்ச சாமான்" என்றார் கடைக்காரர்.

"தீ வந்துச்சா?"

"தீ வரல. ஆனா வயர் எரிஞ்ச புகை சார். நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கணுமா?"

"துடைச்சா போயிடும். புகை ஒண்ணும் செய்யாது."

சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லைதான். பிளாஸ்டிக் வயர் எரிந்த புகையில் அமிலம் கலந்திருக்கும், செம்பிலும் ஈயத்திலும் படிந்தால் சத்தமில்லாமல் தின்னும், தீ அணைந்து பல வாரம் கழித்துக்கூடத் தின்றுகொண்டிருக்கும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுப்பவரே அவர்தான். ஆனால் அன்று புழுக்கம், பசி, காலெல்லாம் கரிச்சேறு. பின்னறைச் சரக்குக்குச் சேதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிக்கைக்கு ஒரு குணம் உண்டு: கையெழுத்தாகிவிட்டால், முதலில் எழுதியவரையே நம்ப வைத்துவிடும்.

கடைக்காரர் வேறு வழியில்லாமல் மெஷின்களைத் துடைத்து, வந்த விலைக்கு ஒரு தரகரிடம் தள்ளிவிட்டார். தரகரிடமிருந்து அந்தச் செய்தி இவர் மைத்துனன் காதுக்கு வந்தது. மைத்துனன், மனைவியின் தம்பி, செல்போன் கடை வைத்து மூடியவன். அடுத்து என்ன மூடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், மெஷின் கொள்ளை மலிவு. ஒரே ஒரு கேள்விதான். தீப்பிடிச்ச கடையோட சரக்காம். வாங்கலாமா?"

எந்தக் கடை என்று கேட்டார். சொன்னான். பழைய மெஷின் வாங்கும் எவனுக்கும் உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம் இருக்கும். அந்த ஊரில் அந்தப் பயம் இல்லாத ஒரே மனிதர் தான்தான் என்று அவருக்குத் தோன்றியது. சேதமில்லை என்று அத்தாட்சி கொடுத்ததே அவர் அல்லவா.

அப்படி ஓர் ஆசை வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நஷ்டத்தை அளந்தவருக்கு, தன் லாபத்தை ஒருமுறையாவது அளந்து பார்க்கத் தோன்றிவிட்டது. ஒரே ஓர் இடைஞ்சல்: தான் மதிப்பிட்ட சரக்கைத் தானோ உறவினரோ வாங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அதையும் வகுப்பில் வாசித்துக் காட்டுவது அவர்தான். மைத்துனன் பேரில் ஒரு மெஷின் வாங்கினார்கள்.

வீட்டில் அயர்ன் பலகையும் பழைய பெட்டிகளும் கிடந்த சின்ன அறை ஒழிந்தது. முன்ஜாக்கிரதையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகலாம் என்ற மைத்துனனை வெளியே நிறுத்தி, எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயின் பலகையிலிருந்து தடித்த வயரில் தனி லைன் இழுத்து, அதற்கென்று தனி பிரேக்கர் போடச் சொன்னார். மர அலமாரி வேண்டாம், இரும்பு ஸ்டாண்டுதான். ஜன்னல் திரையைக் கழற்றினார். சூடான காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி, கூரையில் புகை மணி, கதவோரம் தீயணைப்பான். இவ்வளவும் செய்தவர், மூடியைத் திறந்து உள்ளே மட்டும் பார்க்கவில்லை. சேதமில்லை என்று ஏற்கெனவே எழுதியாயிற்றே.

மைத்துனன் பாடம் நடத்தினான். உலகெங்கும் உள்ள மெஷின்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரு கணக்கை முட்டிமோதிப் போடும்; முந்துகிறவனுக்குப் புது நாணயம் கூலி. மண் கிடையாது, கடப்பாரை கிடையாது. மூச்சிரைப்பு மட்டும் நிஜச் சுரங்கத்துக்குக் குறைவில்லை.

"தனியா தோண்டினா ஆயுசுக்கும் ஒண்ணும் கெடைக்காது அத்தான். ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற கூட்டத்துல சேந்துக்கணும். வர்றத அவனவன் மெஷினோட வேகத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக் குடுப்பாங்க. கமிஷன் எடுத்துப்பாங்க."

"கணக்கு யார் பாக்குறது?"

"அவங்கதான்."

"அவங்கள யார் பாக்குறது?"

மைத்துனன் யோசித்தான். "நாமதான். ஒழுங்கா வரலன்னா வேற கூட்டத்துக்குப் போயிடலாம். ஆனா ஒண்ணு, நாணயம் வந்து சேர்ற உங்க ஆன்லைன் பர்ஸோட ரகசிய வார்த்தைங்க இருக்கு பாருங்க, அத யாருகிட்டயும் சொல்லாதீங்க. போன் பண்ணி உதவி பண்றேன்னு வருவான். சொன்னா மொத்தமும் காலி."

"உன்கிட்ட?"

"என்கிட்டயுமா அத்தான்?"

"அதான் கேட்டேன்" என்றார். அந்த வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதாமல் எஃகுத் தகட்டில் பொறித்து வைத்தார். காகிதம் எரியும் என்பது அவர் நேரில் கண்ட உண்மை.

மெஷின் ஓடத் தொடங்கியதும், விமானம் ஒன்று வீட்டுக்குள் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நிற்பது போலிருந்தது. அவர் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அதிகம் பேசாமலே தெரிந்துகொள்கிறவர். மனைவி அந்தச் சின்ன அறையை எட்டிப் பார்த்தார். சூட்டை உணர்ந்தார். ஒரு கொடியைக் கட்டி ஈரத்துணியைப் போட்டார். ஒரு வேளைக்குள் எல்லாம் மொடமொடவென்று காய்ந்தது.

"பரவால்ல, ஏதோ உபயோகம் இருக்கு" என்றார் கணவரிடம்.

வேறு உபயோகத்தைத் தேட வேண்டியிருந்தது. முதல் மின்கட்டண ரசீதைப் பார்த்தபோது, தொகை இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய போன் நம்பரையோ அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். நாணயத்தின் விலை ஏறினால் உலகமே மெஷின் வாங்கியது, அவர் பங்கு சிறுத்தது. விலை இறங்கினால் பங்கின் மதிப்பே சிறுத்தது. இரண்டும் நடக்காத நாட்களில் நிம்மதி என்று மைத்துனன் சொன்னான். அப்படி ஒரு நாள் வரவில்லை.

ஆனால் அவரை அரித்தது காசு அல்ல. ஒரு வாசனை.

எரிந்த வயரின் வாசனை அவருக்கு அத்துப்படி. இது அதுவல்ல. எரியலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வயரின் வாசனை. புறங்கையைப் பிளக்கில் வைத்தார், வெதுவெதுப்பு. தனி லைன், தடித்த வயர், எல்லாம் சரி. அப்புறம் எங்கிருந்து வருகிறது? மூடியைத் திறக்கலாம் என்று கை போகும். பிறகு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். வேலை நேரத்தில் அடுத்தவர் சாம்பலைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே அந்த வாசனை நினைவுக்கு வரும். ஏதாவது சாக்கு சொல்லி மதியம் வீட்டுக்கு ஓடுவார். கதவைத் திறக்குமுன் கதவிலேயே புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

சின்ன அறைச் சுவருக்கு மறுபக்கம் மகளின் கட்டில். தலைமாடு அந்தச் சுவரை ஒட்டி. ஒரு சனிக்கிழமை கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டார்.

"ஏம்ப்பா நகத்துனீங்க?" என்றாள் மகள். கையில் பரீட்சைக்குப் படிக்கிற புத்தகம்.

"காத்து வரும்."

"ஜன்னல் அந்தப் பக்கம்ல இருக்கு."

அவர் தலையணையையும் இந்தப் பக்கம் மாற்றிப் போட்டார். அன்று முழுக்க மகள் அவரைப் பார்த்த பார்வை, அவரே நஷ்டஈடு கேட்பவர்களைப் பார்க்கும் பார்வையாக இருந்தது.

திங்கட்கிழமை மேலாளர் அழைத்தார். கண்டிப்பான பெண்மணி, யாரையும் வீணாக உட்காரச் சொல்ல மாட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் மறுபடியும் மனு குடுத்திருக்கார். பின்னறை மெஷின வாங்கினவங்க ஒவ்வொருத்தரா வந்து சண்டை போடுறாங்களாம். ஒண்ணுல தீப்பொறி வந்துச்சுன்னும் சொல்றார். நீங்க எழுதினது அப்படியே நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மனுவை மூடிடலாம்."

ஒரு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்தது. "பாத்துட்டு சொல்றேன் மேடம்" என்றார்.

"எதப் பாத்துட்டு? சரக்குதான் வித்தாச்சே?"

"என் குறிப்பெல்லாம்" என்று சமாளித்து, நேரே வீட்டுக்குப் போனார்.

பிரேக்கரை இறக்கினார். விமானம் நின்றது. அந்த அமைதியில் காது வலித்தது. மெஷின் ஆறும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றினார். வெளியே பளபளவென்று துடைத்திருந்த மெஷினுக்குள், சர்க்யூட் பலகைகளின் மேல் மெல்லிய கறுப்புப் படலம். செம்புக் கால்கள் எல்லாவற்றிலும் பச்சைப் பூஞ்சை போல ஏதோ பூத்திருந்தது. கரண்ட் நுழைகிற இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓர் ஓரத்தில் உருகி வழிந்து இறுகியிருந்தது. வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான படம் அவரிடம் இல்லை.

காலை ஷிப்ட் முடித்து வந்த மனைவி கதவில் சாய்ந்து நின்றார்.

"என்ன, செத்துடுச்சா?"

"இல்ல. சாகடிச்சிருக்கும்."

தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்: எந்தக் கடை, என்ன எழுதினார், யார் பேரில் வாங்கினார், மேலாளர் என்ன கேட்டார். மனைவி கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப நெசத்த சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க" என்றார் அவர். "வேலை போயிடும். சொல்லாம விட்டா ஒண்ணும் ஆகாது. இத உடைச்சு குப்பையில போட்டுடலாம். நம்ம வீட்டுக்கு இனிமே பயம் இல்ல."

"நம்ம வீட்டுக்கு இல்ல. சரி." மனைவி மகளின் சட்டை ஒன்றை மடித்து வைத்தார். "மத்த மெஷினெல்லாம் யார் வீட்ல ஓடுது?"

அவருக்குத் தெரியாது.

"அந்த வீட்ல சுவத்துக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்காங்க?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

"கடைக்காரருக்குத் தெரியும்ல. கம்பெனி காசு குடுத்தா அவரு திரும்ப வாங்கிப்பாரு. காசு உங்க கையெழுத்துலதானே நிக்குது." துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டார். "எக்ஸ்ரேயில நான் பாத்தத பாக்கலன்னு எழுதினா, நீங்க சும்மா இருப்பீங்களா? வீட்ட ரெண்டாக்கியிருப்பீங்க."

அவர் எழுந்து வயரைக் கழற்றினார். பிறகு மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு டாக்ஸி பிடித்தார். மூடியைத் திரும்பப் போடவில்லை. அலுவலகத்தில் இரண்டு பேர் எழுந்து உதவிக்கு வந்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மேலாளர் மேசைமேல் வைத்துப் போர்வையை விலக்கினார்.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "பின்னறைச் சரக்கா?"

"ஆமா மேடம். நான் எழுதினது தப்பு. புகை செய்யும். எல்லா மெஷினையும் திரும்ப வாங்கச் சொல்லணும், இன்னைக்கே."

"எங்க கெடைச்சுது?"

"என் வீட்ல. ஓடிக்கிட்டிருந்துச்சு."

மேலாளர் நிமிர்ந்தார். கதவை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உக்காருங்க. கடைசியா சொன்னது என் காதுல விழலன்னு வெச்சுக்கலாமா?"

அந்த அறையில் அவருக்கு நாற்காலி கிடைத்தது அதுவே முதல் தடவை. எதையும் தொட்டுப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"விழுந்ததாவே வெச்சுக்கங்க மேடம். இல்லன்னா எந்த மெஷினப் பாத்து சொல்றீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். நானா இருந்தா கேட்டிருப்பேன்."

கடைக்காரருக்குப் பின்னறைக்கும் சேர்த்துப் பணம் போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன; ஒன்று மட்டும் எங்கே போனது என்று தரகருக்கே தெரியவில்லை. விசாரணை முடியும்வரை இவர் வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு. மைத்துனன் போன் செய்து, "இப்படிப் போட்டுக் குடுத்துட்டீங்களே அத்தான்" என்று வருத்தப்பட்டு, மெஷினே இல்லாமல் வாடகைக்குத் தோண்டித் தருகிற கம்பெனி ஒன்று இருக்கிறது என்றான். அந்த மெஷினை யார் பார்த்தது என்று கேட்டார். மைத்துனன் லைனில் இல்லை.

வீட்டில் இருந்த அந்த நாட்களில் மகளின் கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார். பிறகு சின்ன அறைக்குள் போய்ச் சுவரில் புறங்கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எங்கேயோ, யாருடைய வீட்டிலோ, அந்த ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏங்க" என்று மனைவி கொடியருகிலிருந்து கூப்பிட்டார். "நேத்து போட்ட துணி இன்னும் காயல."

"மொட்டை மாடியில போடு" என்றார் அவர், கையை எடுக்காமலே. "அந்தத் தரகர் நம்பர் எங்க வெச்சேன்?"