மாலை ஒருவருக்கு, மாவுக்கட்டு இன்னொருவருக்கு

நார்த்தாமலை அடிவாரத்தில் எங்கள் வீடு. கல்லூரி விடுமுறைக்கு வந்த என் கொழுந்தனார், யாரிடமும் சொல்லாமல் தனியாக மலையேறினார். நல்ல பாதையை விட்டுவிட்டுச் செங்குத்தான பாறையில் ஏறி, பாதியில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் கத்தியிருக்கிறார். ஆடு மேய்ப்பவர்கள் வந்து சொன்னதும் என் கணவர் கிணற்று வடக்கயிற்றோடு ஓடினார். உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கித் தம்பியை மேலே அனுப்பியவர், தான் ஏறும்போது சறுக்கிக் கையை முறித்துக்கொண்டார்.

மறுநாள் வீடு நிறையக் கூட்டம்.

"ஒத்த ஆளா ஏறுனீங்களாமே! என்னா துணிச்சல்!" என்று கொழுந்தனாருக்கு மாலை போட்டார்கள். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த என் கணவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி போட்ட சத்தம் கீரனூரு வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கும் ஒரு மாலை போடுங்க!" என்றேன்.

அந்த வருட நெல் அறுவடைக்கு என் கணவரால் அரிவாள் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஆள் தேடி அலைந்தேன்.

இப்போதும் கொழுந்தனார் மலைக்குக் கிளம்பினால் நான் தடுப்பதில்லை. "தொணைக்கு ஒரு ஆளோட வாங்க, ரெண்டு பேருக்கும் சோறு கட்டித் தாரேன். ஒத்தையாப் போனா பட்டினிதான்" என்கிறேன். சென்ற வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு நண்பரோடு வந்து நின்றார்.