எடை அழிவதற்குள்

கடுகு என்பது ஆலையில் அவளுக்கு வைத்த பெயர். ஆள் குள்ளம். எடை இயந்திரத்துக்குப் பின்னால் நின்றால் தலை மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தாலோ, வாசலில் லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருக்கும் டிரைவர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடுவார். கடுகுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவள் தம்பி விடமாட்டான். "மூக்கு நுனியிலயா? அந்த மூக்கே கோபத்துல செஞ்சதுதான்" என்பான்.

அக்கா, தம்பி இருவருக்கும் அந்தக் கால்நடைத் தீவன ஆலையில்தான் வேலை. அவள் எடை போடுபவள். அவன் சுமை தூக்குபவன். தீவனம் நிரம்பிய மூட்டைகள் இடுப்பு உயரத்தில் ஓடும் பெல்ட்டில் வரும். எடை மேடையில் ஒரு நொடி நிற்கும். அவள் பொத்தானை அழுத்துவாள், எடை இயந்திரத்தில் பதிவாகும். அடுத்த நொடி மூட்டை ஒருவன் தோளில் ஏறி, பலகை வழியாக லாரிக்குப் போய்விடும்.

சாக்கில் ஐம்பது கிலோ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். புது மேனேஜர் வரும்வரை அது உண்மையாகவும் இருந்தது. அவர் வந்ததும், விலை எடைக்குத்தான், மூட்டை பெரிதானால் லாரி நடை குறையும் என்று சொல்லி, தீவனம் கொட்டும் வாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார். ஐம்பது அறுபதாயிற்று. அறுபது, எழுபதை எட்டிப் பார்த்தது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. சிவப்பு எண்கள் எல்லோர் கண் முன்னாலும்தான் மின்னின. கண் தெரியாதவனுக்குக்கூடத் தோள் சொல்லிவிடும். கடுகு போய்க் கேட்டதற்கு மேனேஜர் சிரித்தார். "மாவு தானேம்மா. கல்லா மண்ணா?"

ஒருநாள் காலை தம்பி பலகையில் சறுக்கி விழுந்தான். அவன் மேல் மூட்டை விழுந்தது. முதுகுத்தண்டில் வட்டு விலகிவிட்டது, இனி இவன் பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். அதுவரை கடுகு அழத்தான் செய்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, தம்பி மனைவி ஆலையின் விபத்து அறிக்கையைக் கொண்டுவந்து காட்டியபோது.

"அண்ணி, இதுல என்னமோ எழுதியிருக்காங்க, படிச்சுச் சொல்லுங்க."

தொழிலாளி தவறான முறையில் குனிந்து தூக்கியதால் ஏற்பட்ட விபத்து என்று எழுதியிருந்தது.

"குனிஞ்சானாம்! மூட்டை இடுப்புக்கு நேரா வருது, இவன் எந்தப் பள்ளத்துல குனிஞ்சான்? தூக்க வெச்சு இடுப்பையும் ஒடிச்சுட்டு, தூக்கத் தெரியலன்னு பட்டமும் கொடுக்கறாங்களா?"

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனாள். "அன்னிக்கு ஏத்துன மூட்டை எடையெல்லாம் மிஷின்லயே இருக்கு சார். அதை எடுத்துக் கொடுங்க. அறிக்கையில அதையும் சேருங்க."

மேனேஜர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த முறை, பென்டிரைவ் சொருகினால் வைரஸ் வரும் என்றார். அதற்கடுத்த முறை, பிரிண்டருக்குப் பேப்பர் ரோல் இல்லை. பிறகு, பாஸ்வேர்டு மெக்கானிக்கிடம்தான் இருக்கிறது, அவர் வரட்டும் என்றார். ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி, அதே புன்னகை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். இந்த மரியாதையில்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

ஒருவழியாக, வருடாந்திரச் சோதனைக்கு மெக்கானிக் வந்தார். சோதனைக் கற்களை மேடையில் ஏற்றி இறக்கிவிட்டு, இயந்திரத்தின் உள்பட்டியலைத் திறந்தார்.

"மெமரி ரொம்பி வழியுதேக்கா. இப்படியே விட்டா புதுசு ஒண்ணு ஏற ஏற, பழசு ஒண்ணு அழிஞ்சுக்கிட்டே வரும்."

கடுகு உடனே தம்பி விழுந்த நாள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். மெக்கானிக் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த நாள் போய்விட்டிருந்தது. அழித்தது வேறு யாருமல்ல. மூட்டைக்கு மூட்டை பொத்தானை அழுத்திய அவள் விரல்தான்.

"மேனேஜருக்கு இது தெரியுமா?"

"தெரியுமேக்கா. போன்ல நான்தான் சொன்னேன், மெமரி ரொம்பற நேரம், பழசு வேணும்னா இப்பவே எடுத்து வெச்சுக்கங்கன்னு. எதுவும் வேணாம்னுட்டாரு."

ஆறப்போட்டு ஊறப்போட்டது எதற்கென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீதி இருக்கும் நாட்களின் எடையாவது அழியாமல் இருக்கட்டும் என்று எழுந்து போய் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். ஆலை திடீரென்று அமைதியானது.

"அக்கா, என்னை வம்புல மாட்டிவிடாதீங்க" என்று மெக்கானிக் பதறினார்.

"பிரிண்டரைச் சோதிக்க வேணாமா நீ? சும்மா வெள்ளைப் பேப்பரையா சோதிப்பே? எதையாவது அடிச்சுத்தானே பாக்கணும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு ரோலை எடுத்து மாட்டினார், பாஸ்வேர்டைப் போட்டார். திரையில் இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: எல்லாவற்றையும் அச்சிடு, எல்லாவற்றையும் அழி. அவள் முதல் வரியை அழுத்தினாள். பிரிண்டர் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. ஓடி முடித்ததும், அச்சிட்டவற்றை அழித்துவிடவா என்று இயந்திரம் கேட்டது.

"வேணாம்னு இருக்கறதை அழுத்துங்க! வேணாம்!" என்று கத்தினார் மெக்கானிக். அழுத்தினாள். அவர் பென்டிரைவிலும் ஒரு நகல் ஏற்றிக்கொண்டார்.

அதற்குள் சுமைக்காரர்கள் கூடிவிட்டார்கள். தரையில் சுருண்டு கிடந்த பேப்பரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படித்தார்கள். "இங்க பாரு, அறுபத்தெட்டு. இது நான் தூக்குனது" என்றான் ஒருவன். தோள் எப்போதோ சொன்னதைக் காகிதத்தில் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

மேனேஜர் வேகமாக வந்தார். "பெல்ட்டை நிறுத்துனது யாரு? யார்கிட்ட பர்மிஷன் வாங்குனே?"

"என் தம்பி இடுப்பை ஒடிக்க நீங்க யார்கிட்ட சார் பர்மிஷன் வாங்குனீங்க?"

அவர் சட்டென்று பழைய புன்னகைக்குத் திரும்பினார். "உன் வருத்தம் புரியுதும்மா. ஆனா உன் தம்பி விழுந்த அன்னிக்கு எடை இதுல இல்லையே. இதை வெச்சு என்ன பண்ணுவே?"

"இல்லைன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள் கடுகு. அன்று அவள் குரல் உயராமல் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். "இந்தப் பேப்பரை நீங்க இன்னும் கையாலகூடத் தொடலையே."

சுமைக்காரர்களில் மூத்தவர் தலைத்துண்டை உதறித் தரையில் விரித்து உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். லாரிகள் வாசலில் வரிசைகட்டி நின்றன.

சாயங்காலம் முதலாளியே வந்தார். மூத்தவர் பெல்ட்டிலிருந்த ஒரு மூட்டையைக் காட்டி, "நீங்க தூக்க வேணாம் ஐயா, சும்மா அசைச்சுப் பாருங்க போதும்" என்றார். முதலாளி இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். பிறகு பேப்பரை வாங்கி நெடுநேரம் படித்தார். மறுநாள் தீவனம் கொட்டும் வாய் பழைய அளவுக்கு வந்தது. அறிக்கையில் குனிந்த கதை அடிக்கப்பட்டு, அதிக எடை என்று எழுதப்பட்டது. வைத்தியச் செலவை ஆலை ஏற்றுக்கொண்டது. தம்பிக்கு வாசலில் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலையும் கிடைத்தது. அவன் நடப்பது மட்டும் பழையபடி ஆகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தான்.

மேனேஜரை என்ன செய்தார்கள்? முதலாளியின் இன்னொரு ஆலைக்கு மாற்றினார்கள், அதே பதவியில், அதே சம்பளத்தில்.

"போனது போச்சு, விடுக்கா. சனியன் ஒழிஞ்சதுன்னு இரு" என்றான் தம்பி.

"எங்கடா ஒழிஞ்சது? அங்க மூட்டை தூக்கறவனுக்கு மட்டும் இடுப்பு இரும்புலயா செஞ்சிருக்கு?"

அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அந்த ஆலையில் எடை போடுபவரின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். மணி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல், பின்னால் பெல்ட் ஓடும் சத்தம்.

"யாரு பேசறது?"

"உங்க ஆளுதான்மா, நானும் எடை போடறவதான்" என்றாள் கடுகு. "கொஞ்சம் உக்காந்து கேளு. உங்களுக்குப் புதுசா ஒரு மேனேஜர் வராரு."