லோகநாயகியை எங்கே ஒளிப்பது?

பஸ் ஆலப்பாக்கம் தாண்டி வளையும்போது நிற்கிறவர்கள் எல்லோரும் மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். லோகநாயகி பிடிப்பதில்லை. காலை அகட்டி வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, பையை வயிற்றோடு அணைத்தபடி நிற்கிறாள். பஸ் ஒரு பக்கம் சாய்ந்தால் அவள் எடை மறு காலுக்குப் போகிறது. டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் போய் முட்டிக்கொள்கிறார்கள். அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

"கம்பியப் புடிம்மா, வுழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்று கண்டக்டர் தினமும் கேட்கிறார்.

"எட்டாதுண்ணே. எட்டுனாலும் வாணாம். இதான் எனக்கு பிராக்டிஸு" என்று அவளும் தினமும் சொல்கிறாள்.

குடிகாட்டு நிறுத்தத்தில் ஏறுகிறவள் அவள். தொழிற்பேட்டையின் ரசாயன நெடி உள்ளே வருமென்று மற்றவர்கள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடும் இடம் அது. ராசாப்பேட்டையில் வீடு. அப்பா பக்கிரி கடலுக்குப் போகிறார், அம்மா மகேஸ்வரி முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறாள். லோகநாயகி சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறாள். அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பாயிண்ட் கார்டும் அவள்தான். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி ஆட்டத்தை நடத்துகிற வேலை அது. உயரம் ஐந்தடி ஓரங்குலம். அந்த ஓரங்குலத்தை விட்டுவிட்டு ஐந்தடி என்று சொன்னால் கோபம் வரும்.

பந்து அவள் கையில் இருக்கும்வரை உயரம் ஒரு பொருட்டே இல்லை. தரைக்கு அருகே தட்டிக்கொண்டு போகிற பந்தை நெட்டைக்காரிகள் குனிந்து பறிப்பதற்குள் அவள் அடுத்த பக்கம் போயிருப்பாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலக் கூட்டத்துக்குள்ளும் அவள் இப்படித்தான் போகிறாள். கைகளுக்கும் கூடைகளுக்கும் அடியில் புகுந்து, யார் மீதும் இடிக்காமல், நம்மை முந்திக்கொண்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். பந்து எதிரணிக்குப் போனபின்தான் தொல்லை. எதிராளி ஐந்தடி ஒன்பதங்குலம் இருந்தால், இவள் என்னதான் கையைத் தூக்கினாலும் அந்தப் பெண் நிதானமாக இவள் தலைக்கு மேலே பந்தை எறிந்து கூடையில் போட்டுவிடலாம்.

இதற்கு அவள் வைத்திருக்கும் வைத்தியங்களை, அதே பஸ்ஸில் தினமும் போகிற நான், பக்கத்து சீட்டில் உட்காரக் கொடுத்துவைத்த நாட்களில் கேட்டிருக்கிறேன். முதலாவது, எதிராளியின் முகத்தைப் பார்ப்பதே கிடையாது.

"மூஞ்சி ஏமாத்தும்க்கா. கண்ணு அந்தப் பக்கம் பாக்கும், ஆளு இந்தப் பக்கம் போவா. வயிறு இருக்கு பாருங்க, அது போற பக்கந்தான் ஆளு போவும். வயித்த வெச்சிக்கினு யாரும் பொய் சொல்ல முடியாது."

பந்தைப் பறிக்கும்போது அவள் கை மேலிருந்து கீழே வராது. மேலிருந்து அடித்தால் எதிராளியின் கையில் பட்டு ஃபவுல் ஆகிவிடும். உள்ளங்கையை வானத்தைப் பார்க்க வைத்து, பந்து தரையில் பட்டு எழும் நேரத்தில் கீழிருந்து தட்டுவாள். எறிந்த பந்து கூடையில் விழாமல் திரும்பி வரும்போது, அதற்காகத் துள்ளுவதும் இல்லை. எதிராளிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி, அவள் தொடைமேல் ஏறக்குறைய உட்கார்ந்துவிடுவாள். "தொடையில ஆளு குந்திக்கினு இருந்தா எப்படிக்கா எகிறுவா? பந்து எனக்கு வராது. அவளுக்கும் வராது. எங்க மோனிகா வந்து எடுத்துக்கும்." மோனிகா என்பவள் இவர்கள் அணியின் உயரமான பெண், கூடைக்கு அடியில் நிற்பவள்.

வளர்வதற்கும் முயன்று பார்த்தவள்தான். பள்ளியில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கோடை முழுக்கக் கோல் கம்பத்தில் தொங்கியிருக்கிறாள். "கை காச்சுப்போச்சு. வேற ஒண்ணும் ஆவல" என்று சிரிக்கிறாள். குட்டை என்று யாராவது சொன்னால் அவளுக்கு வருத்தமில்லை. 'பாவம், குட்டை' என்றால்தான் ஆகாது.

விழுவது அவள் வேலையில் பாதி. முழங்கை, முட்டி, இடுப்பு என்று எங்காவது ஒரு காயம் புதிதாக இருக்கும். மகேஸ்வரி ஒருநாள் மீன் கூடையோடு இதே பஸ்ஸில் வந்தபோது என்னிடம் முறையிட்டாள்: "கபடின்னா கூட ஒத்துக்கலாம். பந்த தூக்கிப் போடற வெளையாட்டுல இவ எதுக்கு வுழுந்து பொரள்றா? நீங்களாவது கேளுங்க."

"வுழுந்தாதாம்மா பந்து நமக்கு வரும்" என்றாள் மகள்.

"அப்ப அவங்கள வுழச் சொல்லு!"

பஸ்ஸே சிரித்தது. லோகநாயகியும் சிரித்தாள்.

சென்ற வருடம் சில நாட்கள் மட்டும் அவள் சிரிக்காமல் வந்தாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் புதுச்சேரி அணி ஒன்றோடு ஆட்டம். அந்த அணியின் பாயிண்ட் கார்டு சத்யப்பிரியா நல்ல உயரம், நல்ல ஆட்டக்காரி. அவள் அன்று சிக்கலான எதையும் செய்யவில்லை. பந்தோடு கூடைக்கு அருகே வந்து, முதுகைத் திருப்பி, லோகநாயகியை மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளி, திரும்பித் தலைக்கு மேலே போட்டாள். மறுபடியும் அதையே செய்தாள். "பள்ளிக்கூடத்துப் புள்ளய எறக்கி உட்டிருக்காங்கய்யா" என்று பார்வையாளர் பக்கம் ஒரு குரல் வந்தது. பயிற்சியாளர் கார்த்திகேசன் அவளை வெளியே எடுத்துவிட்டார். அணி தோற்றது.

கார்த்திகேசன் கடுமையானவர் அல்ல. அவளைத் தனியே கூப்பிட்டு மென்மையாகத்தான் சொன்னார்: "பந்து கொண்டு போறதுல உன்ன மாதிரி ஆளே இல்லம்மா. ஆனா பந்து அவங்க கைக்குப் போனா, உன்ன எங்க ஒளிச்சு வைக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல."

திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்த 'ஒளிச்சு வைக்கறது' மறக்கவில்லை. அடுத்த சில நாட்கள் பஸ்ஸில் கம்பிக்கு அடியில் நின்றுகொண்டு, அந்தக் கம்பியையே அண்ணாந்து பார்த்தபடி வந்தாள்.

விடுமுறையில் அவள் என்ன செய்தாள் என்பதை அவளுடைய மாமா மகன் சுரேந்தர் சொல்லி அறிந்தேன். சுரேந்தர் படகுக்குப் போகிறவன், ஆறடிக்குக் குறையாதவன். சாயங்காலங்களில் அவனைக் கடற்கரை மணலுக்கு இழுத்துப் போய், "மச்சான், முதுகு காட்டி என்னத் தள்ளு" என்பாளாம். "பொம்பளப் புள்ளயத் தள்றதா, ஊரு என்னா சொல்லும்?" என்று முதலில் மறுத்திருக்கிறான். பிறகு தள்ளினான். அவள் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினாள். அவன் முழு எடையையும் சாய்த்த நொடியில் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள். ஆறடி ஆளும் மணலில் மல்லாந்து விழுந்தான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அவளுக்கு அது வெளையாட்டு. எனக்குத்தான் ஊரெல்லாம் பேரு கெட்டுப்போச்சு" என்றான் சுரேந்தர். ஆனால் மறுநாளும் போயிருக்கிறான்.

இந்த வருடப் போட்டி கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்தது. கோப்பை இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இறுதி ஆட்டத்தில் சென்னை அணி ஒன்று சுலபமாக வென்றது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாள், நானும் பார்க்கப் போயிருந்த அரையிறுதியில் அதே புதுச்சேரி அணியோடு நடந்ததை.

ஆட்டத்துக்கு முன்னால் கார்த்திகேசன் சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் படம் போட்டு, லோகநாயகியை ஓர் ஓரத்தில், அதிகம் பந்து எறியாத ஒருத்தியிடம் நிறுத்தினார். சத்யப்பிரியாவைத் தடுக்க வேறொரு பெண்.

"சார், இந்த தடவ என்ன ஒளிச்சு வெக்க வாணாம்" என்றாள் லோகநாயகி. "சத்யப்பிரியாவ நான் எடுத்துக்கறேன்."

அவர் படத்தைப் பார்த்தார். மோனிகாதான் வாயைத் திறந்தாள்: "நான் பின்னாடி இருக்கேன் சார். தப்பி வந்தா நான் பாத்துக்கறேன்." அவர் காலால் படத்தைத் தேய்த்துவிட்டு, "ஆரம்பத்துல பாப்போம்" என்றார்.

ஆரம்பம் நன்றாக இல்லை. சத்யப்பிரியா பழையபடி தலைக்கு மேலே போட்டாள். பழையபடி சிரிப்பும் எழுந்தது. அதன்பின் லோகநாயகி அவளைக் கூடைக்கு அருகே வரவிடவில்லை. எதிரணி பந்தை எடுக்கிற அந்தக் கோடியிலேயே போய் வழிமறித்தாள். "ரிங்குகிட்ட வந்துட்டா அவ உயரம் பேசும். அங்கயே பஞ்சாயத்த முடிச்சிடணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். எட்டு நொடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். இடுப்புக்குக் கீழே ஒருத்தி ஒட்டிக்கொண்டே வந்தால் நெட்டைக்காரி பந்தைக் காப்பாற்ற முதுகைத் திருப்பித்தான் ஆகவேண்டும். முதுகைத் திருப்பினால் நேரம் ஓடிவிடும். ஒரு தடவை நேரம் முடிந்து விசில் ஒலித்தது. பந்து இவர்கள் கைக்கு வந்தது.

சத்யப்பிரியா கெட்டிக்காரி. பந்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கூடைக்கு அடியில் போய் நின்று அங்கே வாங்கினாள். முதுகைச் சாய்த்துத் தள்ளினாள். லோகநாயகி தாங்கினாள், தாங்கினாள், பிறகு சட்டென்று விலகினாள். சத்யப்பிரியா பந்தோடு தரையில் சரிந்தாள். சுரேந்தர் கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்கும் அதேதான் ஆச்சு!" என்று கத்தினான்.

அடுத்த முறை சத்யப்பிரியா சாயவில்லை. இப்படியே ஒருத்தியின் தந்திரத்தை மற்றவள் கற்றுக்கொண்டு போக, லோகநாயகியின் கணக்கில் ஃபவுல்கள் ஏறின. நாலாவதும் விழுந்தது. ஐந்தாவது விழுந்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். கார்த்திகேசன் அவளை உட்கார வைத்தார். அதுவரை சேர்த்த முன்னிலையெல்லாம் கரைந்தது. அவள் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, "மோனிகா, வலது பக்கம்! வலது!" என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தாள். மீன் விற்கிறவளின் மகள். குரல் மைதானத்தின் கேட் வரைக்கும் கேட்டது.

கடைசி நிமிடங்களில் கார்த்திகேசன் அவளை உள்ளே அனுப்பத் திரும்பினார். "இன்னும் ஒரு ஃபவுல்னா நீ வெளியம்மா."

"கைய நீட்டுனாத்தான சார் ஃபவுலு? நீட்டல."

நீட்டவே இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு காலால் மட்டும் ஆடினாள். சத்யப்பிரியா எந்தப் பக்கம் போனாலும் இந்தச் சிறிய உடம்பு அங்கே முன்பே போய் நின்றது. சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

இவர்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். பந்து சத்யப்பிரியாவிடம். அவளுக்கும் நாலு ஃபவுல் விழுந்திருந்தது. தன் அணிப் பெண் ஒருத்தி குறுக்கே நின்று மறைக்க, லோகநாயகியைக் கழற்றிவிட்டுவிட்டு, நேராகக் கூடையை நோக்கி முழு வேகத்தில் வந்தாள். லோகநாயகி குறுக்கே ஓடி அவள் பாதைக்கு முன்னால் போய், இரண்டு பாதத்தையும் ஊன்றி, கையை மார்பில் மடக்கிக்கொண்டு நின்றாள். முன்பே நின்றுவிட்டவள் மீது வந்து மோதினால் தப்பு மோதியவளுடையது. நிற்பதற்குள் மோதியிருந்தால் தப்பு இவளுடையது. இடைவெளி கண்ணிமைக்கும் நேரம்தான். சத்யப்பிரியாவின் முழங்கால் இவள் விலாவில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. லோகநாயகி சிமெண்டில் முதுகால் வழுக்கிக்கொண்டு போய்க் கூடைக் கம்பத்துக்கு அடியில் கிடந்தாள்.

விசில். மைதானம் முழுக்க நடுவரின் கையைப் பார்த்தது. என் பக்கத்தில் மகேஸ்வரி, மகளின் ஆட்டத்தைப் பார்க்க முதல்முறையாக வந்தவள், "எம்மா, எம்மா" என்று என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் சத்யப்பிரியாவைக் காட்டினார். அவளுக்கு அது ஐந்தாவது.

மிச்ச நொடிகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் மோனிகா லோகநாயகியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். கார்த்திகேசன் அவள் அருகே வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இரண்டு அணியும் கை கொடுக்க வரிசையாக வரத் தொடங்கின. பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க ஆட்களை அடுக்கத் தொடங்கினார்.

எதிரணிப் பெஞ்சில் சத்யப்பிரியா வரிசைக்கு வருவதற்காக எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஆடுசதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்துப் பெண்கள் தண்ணீர் தேடி ஓடினார்கள்.

லோகநாயகி வரிசையிலிருந்து நழுவி அங்கே போனாள். விலாவை ஒரு கையால் பிடித்தபடி அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அந்த நீண்ட காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஷூவைக் கழற்றி, பாதத்தை இரண்டு கையாலும் பற்றி, விரல்களை முட்டியின் பக்கமாக வளைத்து அழுத்தினாள்.

"லோகு, போட்டோடி! வா சீக்கிரம்!" என்று அந்தப் பக்கத்திலிருந்து மோனிகா கத்தினாள்.

"இருங்கடி" என்றாள் லோகநாயகி, பாதத்தை விடாமல். பிறகு நிமிர்ந்து சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்த்து, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டு, தன் தோளையும் சேர்த்துக் கொடுத்து அழுத்தினாள்.